டோமினிக் மச்சான் நிறுத்தும் இடம்

சிட்னியிலிருந்து மெல்பர்னுக்குப் போன வேனில் இருந்தவர்கள்:

ஓட்டியவன் மணி. டிரம் வாசிப்பவன். மலேசியாவில் எங்கள் ஊர் கிள்ளானை விட்டு சிட்னிக்கு வந்து ஒன்பது வருஷம்.

அவன் பக்கத்தில் ஆ செங். ஆர்கன். சீனன். வீட்டில் ஹொக்கியன் பேசுவான், எங்களிடம் தமிழ்.

பின்னால் என் மச்சான் டோமினிக். பாட்டுக்காரர்.

அவர் பக்கத்தில் பிலோமினா. அவருக்குத் தங்கை, எனக்கு மனைவி.

கதவோரம் நான். பெயர் சூசை. பேஸ் கித்தார். வயிற்றுப்பாட்டுக்கு லாரி ஓட்டுவது.

போனது டோமினிக் மச்சானின் மகள் ரெஜினாவின் கல்யாணத்துக்கு. ரெஜினா மெல்பர்னுக்குப் படிக்க வந்தவள். படித்தாள், வேலை பார்த்தாள், அங்கேயே மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் போவதில் விசேஷம் ஒன்றும் இல்லை. பேஸையும் தூக்கிக்கொண்டு போனதற்குத்தான் காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் வாசித்தது இங்கிலீஷ் பாட்டு. சோல் என்பார்கள். அமெரிக்காவில் கறுப்பர்கள் கோயிலில் பாடிய குரலை வெளியே கொண்டுவந்து காதலுக்குப் பாடினார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கிள்ளானில் ஹோட்டல்களிலும் கல்யாணங்களிலும் வருஷக்கணக்காக வாசித்தோம். டோமினிக் மச்சான் பாட ஆரம்பித்தால் குடிக்க வந்தவன் கிளாஸைக் கீழே வைத்துவிடுவான். பாஷை தெரியாதவனும் வைப்பான்.

அவர் கடைசியில் பாடும் மெதுவான பாட்டு ஒன்று உண்டு. போகிறவளை நில் என்று கேட்கிற பாட்டு. ரிக்கார்டில் அது சட்டென்று முடிந்துவிடும். மேடையில் முடியாது. நடுவில் ஓர் இடத்தில் எழுதிய வரி தீர்ந்துவிடும். அங்கே பாடுகிறவன் தன் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எப்போது கூப்பிடுவான் என்று அவனுக்கே தெரியாது. கூப்பிடும்வரை நாங்கள் ஒரு சின்னத் துண்டையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு நிற்போம். மச்சான் அந்த இடத்தில் தன் மனைவி ரோஸைக் கூப்பிடுவார். ரோஸ் அக்கா இறந்த பிறகு அந்தப் பாட்டை விட்டுவிட்டார்.

பிறகு பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் போயின. பேச்சும் போயிற்று. "சரி" என்ற ஒரு சொல் மட்டும் தங்கியது. சோறு வேண்டுமா என்றால் சரி. வேண்டாமா என்றாலும் சரி. பாட்டு மட்டும் போகவில்லை. பேச்சு ஓர் அறை, பாட்டு வேறோர் அறை, பூட்டிக்கொண்டது ஒன்றுதான் என்று டாக்டர் சொன்னார். பழைய பாட்டின் முதலை எடுத்துக் கொடுத்தால் மீதி வரும். தாமதமாக வரும், ஆனால் வரும். தானாகச் சொல்ல வேண்டியது எதுவும் வராது. பெயர்கள் வரவே வராது.

ரெஜினா வாராவாரம் போன் போடுவாள். அவர் சரி, சரி என்பார். இரண்டு வருஷமாக மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

கல்யாணப் பத்திரிகை வந்த அன்று இடது கை விரலை மகளின் பெயர்மேல் வைத்தார். அதே விரலால் மூலையில் சாய்ந்திருந்த என் பேஸைக் காட்டினார். பாட்டின் நடுவில் அந்த இடம். அங்கே ரெஜினாவைக் கூப்பிட வேண்டும். எனக்குப் புரிந்தது.

"செய்வோம் மச்சான்" என்றேன்.

மணி இல்லாமல் முடியாது. மணி இருப்பது சிட்னியில். அதனால் முதலில் சிட்னி.

விமான நிலையத்தில் பிலோமினாவின் நெத்திலி சம்பலைப் பிடித்துக்கொண்டார்கள். சீருடை போட்ட ஒரு சின்னப் பெண் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு இருமினாள். ஆ செங்கிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். அவன் பிலோமினா பக்கம் திரும்பினான்.

"பிலோ, இதுல மீனு இருக்கான்னு கேக்குது இந்தப் புள்ள."

"மீனு இல்லாம நெத்திலி சம்பல் அவங்க ஊட்டுல செய்வாங்களா? கேளு."

அந்தப் பெண் ஆ செங்கைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். இவர்கள் பாஷை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். "நான் பிறந்த தெருவில் அது தெரியாவிட்டால் அடி விழும்" என்றான் ஆ செங். சிரித்தாள். சிரித்துக்கொண்டே சம்பலைக் குப்பையில் போட்டாள். பேஸைத் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

மணியின் வீடு கிரவீனில். தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிற இடம் என்றான். தெருவில் ஒருவரையும் காணோம். காலை எட்டு மணிக்குக் கிள்ளானில் ஹாரன், கோயில் மணி, ரொட்டி சானாய் தட்டுகிற சத்தம் எல்லாம் இருக்கும். இங்கே ஒரு பறவை மட்டும் குழந்தை அழுகிற மாதிரி கத்தியது. "காக்காதான் அண்ணே" என்றான் மணி. நான் நம்பவில்லை.

பக்கத்துப் பேட்டையில் ஒரு கடையில் தோசை சாப்பிட்டோம். தோசை நன்றாக இருந்தது. சட்னி கொஞ்சமாக வைத்தார்கள். ஆ செங் கையை நீட்டி, "தங்கச்சி, சட்னி இன்னும் கொஞ்சம் வைம்மா, கஞ்சத்தனம் பண்ணாத" என்றான். பரிமாறிய பெண் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். பிறகு சட்னி வந்துகொண்டே இருந்தது. மச்சானுக்குப் பிலோமினா தோசையைப் பிய்த்து ஊட்டினாள். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் மணியின் கராஜில் ஒத்திகை. கராஜில் கார் இல்லை. டிரம், துணி காய்கிற கம்பி, அரிசி மூட்டை. ஆர்கன் யாரிடமோ இரவல் வாங்கி வைத்திருந்தான். மச்சானை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தோம். மணி காதில் ஒரு ஒயரை மாட்டினான்.

"என்னாடா அது?"

"கிளிக் அண்ணே. டிக் டிக்குன்னு அடிக்கும். இங்க எல்லா ஃபங்ஷன்லயும் மைனஸ் ஒன் தான் இப்ப. குரல மட்டும் எடுத்துட்ட சிடி. பாடுறவங்க அது மேல பாடிட்டுப் போயிடுவாங்க. நானும் டிக் டிக் கேட்டுக்கிட்டு அது கூடவே அடிப்பேன். பிசகே வராது."

"கழட்டு."

"அண்ணே..."

"கழட்டுடா. டோமினிக் டிக் டிக்குன்னு பாட மாட்டாரு."

கழற்றினான். முகம் கொஞ்சம் சுண்டியது.

எங்கள் பேண்டில் ஒரு வழக்கம். தாளத்துக்கு யாரும் எண்ணிக்கை சொல்வதில்லை. எல்லோரும் மச்சானின் வலது தோளைப் பார்ப்போம். அது மைக் பிடிக்கிற கை. தோள் ஏறினால் மூச்சு எடுக்கிறார். இறங்கினால் அடி விழ வேண்டும். வரியை அவர் இழுத்தால் நாங்களும் இழுப்போம். இருட்டான ஹோட்டலில் வெள்ளைச் சட்டையின் தோள் மட்டும் தெரிந்தால் போதும். முன்பு டிரம் வாசித்தவன் போய் மணி சேர்ந்தபோது நான் அவனுக்குச் சொன்ன முதல் பாடம் அதுதான்.

ஆரம்பித்தோம். மச்சான் பாடினார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல். கொஞ்சம் உடைந்திருந்தது. உடைந்ததும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டாவது வரியிலேயே மோதிக்கொண்டோம். அவர் வருவதற்குள் நாங்கள் போய்விட்டோம். நிறுத்தினோம். மறுபடி ஆரம்பித்தோம். மறுபடி மோதல்.

"மணி, எங்கடா பாக்குற?"

"தோளத்தான் பாக்குறேன் அண்ணே. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான்."

நானும் தோளைத்தான் பார்த்தேன். ஆ செங்கும். பொழுது சாயும்வரை முட்டினோம். கடைசியில் மச்சான் இடது கையால் நாற்காலியைக் குத்தினார். "சரி" என்றார். அது சரியில்லை என்கிற சரி.

வெளியே வந்து மணி என்னிடம் மெதுவாகச் சொன்னான். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. சிடி போட்டுடலாம். ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

"அவருக்குத் தெரியும்" என்றேன். "டிரம்ம வண்டியில ஏத்து."

மணி பேக்கரி ஒன்றுக்கு வேன் ஓட்டுகிறான். முதலாளியிடம் கேட்டு அதையே எடுத்து வந்திருந்தான். உள்ளே ரொட்டி வாசனை. மூட்டை முடிச்சு, டிரம், ஆர்கன், நாங்கள் ஐந்து பேர்.

ஆஸ்திரேலியாவில் ரோடு நேராகப் போகிறது. எதிரே ஒன்றும் வருவதில்லை. எங்கள் ஊர் நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தினால் நாசி லெமாக், வாழைப்பழப் பொரியல், வெட்டிய அன்னாசி என்று ஏதாவது இருக்கும். இங்கே நிறுத்திய இடத்தில் பை என்று ஒரு தின்பண்டம் இருந்தது. மூடிய பணியாரம் மாதிரி, உள்ளே இறைச்சிக் குழம்பு. காரம் கிடையாது. உப்பும் இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். பிலோமினா ஒரு கடி கடித்தாள்.

"சீக்காளிக்குக் குடுக்குற சாப்பாட்ட நல்லா இருக்குறவன் ஏன் காசு குடுத்துத் திங்கிறான்?"

ஆ செங் அவளுடையதையும் வாங்கித் தின்றான்.

கௌல்பர்ன் தாண்டியதும் வேன் புகைந்தது. இறங்கிப் பார்த்தேன். ரேடியேட்டரின் ரப்பர்க் குழாய், ஓஸ், வெடித்திருந்தது. லாரிக்காரனுக்கு இது பெரிய விஷயம் இல்லை. ஆனால் தண்ணீர் வேண்டும், கட்ட ஏதாவது வேண்டும். மணி கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றான். "முதலாளி கொன்னுருவான் அண்ணே." சுற்றிலும் மஞ்சள் புல். தூரத்தில் ஆடுகள். வேறொன்றும் இல்லை.

ஆட்டுக்காரர் ஒருவர் பழைய டிரக்கில் வந்து நிறுத்தினார். சிவந்த கிழவர், பெரிய தொப்பி. என்ன என்று கேட்கவில்லை. தானே குனிந்து பார்த்தார். "தண்ணி கொண்டாரேன். ஓடிப் போயிடாதீங்க" என்றார். ஆ செங் அதை எங்களுக்குத் தமிழில் சொன்னான். தான் சொன்னதே அவருக்குப் பெரிய ஜோக். சிரித்துக்கொண்டே போனார்.

காத்திருந்தோம். பிலோமினா பிளாஸ்கில் இருந்த டீயில் ரொட்டியை நனைத்து மச்சானுக்கு ஊட்டினாள். நான் வண்டிக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வேறெங்கோ பார்த்தபடி பேசிக்கொண்டே ஊட்டினாள். ஆனால் கை சரியான நேரத்தில் போனது. ஒரு துளி சிந்தவில்லை. அவர் வாய் திறப்பதற்கு முன்பே கை கிளம்பிவிடுகிறது.

"அவரு வாயத் தொறக்கப் போறாருன்னு உனக்கு எப்படித் தெரியுது?"

"தாடை. லேசா ஒரு தூக்குத் தூக்குவாரு. அப்புறந்தான் வாயி. ஏன்?"

"தோளு?"

"எந்தத் தோளு?"

"வலது தோளு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்தத் தோளு எங்க ஆடுது? அது போயி ரெண்டு வருசமாச்சு. நேத்துப் பூரா மூணு ஆம்பளைங்களும் அதையே பாத்துக்கிட்டு நின்னீங்க. நானும் பாத்தேன், எதுக்குடா அதப் பாக்குறாங்கன்னு."

"ஏன் சொல்லல?"

"கேட்டீங்களா?"

ஆ செங் புல்லில் உட்கார்ந்துவிட்டான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். மணி சிரிக்கவில்லை. மச்சானின் தோளையே பார்த்துக்கொண்டு நின்றான். சட்டை காற்றில் ஆடியது. தோள் ஆடவில்லை. அந்த உடம்பைத் தூக்கி உட்கார வைத்தவர்கள் நாங்கள்தான். ஆனால் பாட்டு என்று வந்ததும் பழைய இடத்துக்கே கண் போய்விட்டது.

"வாங்கடா" என்றேன்.

ரோட்டோரத்திலேயே ஆரம்பித்தோம். பேஸுக்குக் கரண்ட் இல்லை. கம்பிச் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. மணி வேனின் கதவைக் கையால் தட்டினான். ஆ செங் வாயால் ஆர்கன் வாசித்தான். மூன்று பேரும் தாடையைப் பார்த்தோம். தாடை ஏறியது. காத்திருந்தோம். அவர் வந்தார். அடி விழுந்தது. அடுத்த வரி இன்னும் தாமதம். காத்திருந்தோம். வந்தார். ஒரு வரியும் மோதவில்லை. மச்சானின் இடது கை முழங்காலில் தாளம் போட்டது.

பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்தது. நிறுத்தினார். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. அந்தத் துண்டையே சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தோம். அதற்குள் ஆட்டுக்காரர் தண்ணீர்க் கேனோடு வந்துவிட்டார். கொஞ்ச நேரம் நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

"முடிஞ்சுதா?" என்று ஆ செங்கிடம் கேட்டார்.

"இன்னும் இல்ல. ஒரு பேரு வரணும்."

"சரி, நிக்கிறேன்" என்றார்.

நின்றார். லாரிகள் போயின. பெயர் வரவில்லை. மச்சான் களைத்துப்போய்த் தலையைத் தொங்கப்போட்டார். ஆட்டுக்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "நான் ஆட்டைப் பார்க்கணும். இல்லேன்னா நின்னிருப்பேன்" என்றார். ஓஸைச் சுற்றத் தன் டிரக்கிலிருந்து ரப்பர்ப் பட்டை கொடுத்தார். மெல்பர்ன்வரை தாங்கியது.

ரெஜினாவின் வீடு மெல்பர்னின் ஓரத்தில், கிரான்பர்னில். அங்கே எல்லா வீடும் ஒரே மாதிரி. மணி இரண்டு முறை தவறான வீட்டில் மணி அடித்தான். இரண்டாவது வீட்டுப் பஞ்சாபிக்காரர் டீ குடிக்கச் சொன்னார். மூன்றாவது வீட்டில் ரெஜினா ஓடிவந்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

"சரி" என்றார் மச்சான். "சரி, சரி."

அவள் சிரித்தாள். குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

மாப்பிள்ளை கஜன் யாழ்ப்பாணத்துப் பையன். நல்ல பையன். அவனும் அம்மாவும் சித்தப்பாவும் சாயங்காலம் வந்தார்கள். அம்மா அதிகம் பேசாத மனுஷி. மட்டன் ரோல்ஸ் கொண்டுவந்து வைத்தார். மச்சானின் செருப்பு வார் விட்டிருந்ததைப் பார்த்துக் குனிந்து போட்டுவிட்டார். அவ்வளவுதான். சித்தப்பா பெயர் சிவா. எல்லோரும் சிவா அங்கிள் என்றார்கள். மண்டபத்தில் நிகழ்ச்சியை அறிவிப்பவர், நேரத்துக்கு முடிப்பவர் எல்லாம் அவர்தான்.

"அண்ணை, உங்களுக்கு ஐஞ்சு நிமிசம் போட்டிருக்கிறன். பிறகு கேக் வெட்டுறது. பிறகு சாப்பாடு. மூண்டு மணிக்கு மண்டபத்தைத் திருப்பிக் குடுக்க வேணும்."

"அஞ்சு நிமிசத்துக்கு நான் பொறுப்பில்ல" என்றேன்.

அவருக்கு அது புரியவில்லை. புரிந்த ரெஜினா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"மாமா, நான் சிடி எடுத்து வச்சிருக்கேன். அப்பா அது கூட ரெண்டு வரி பாடட்டும், போதும். ப்ளீஸ்."

"சிடி அவருக்காகக் காத்திருக்காதும்மா."

"அதான் மாமா எனக்கு வேணும். அது ஓடிக்கிட்டே இருக்கும். அப்பா நிறுத்தினாலும் யாருக்கும் தெரியாது. நீங்க வாசிச்சா எல்லாரும் அப்பாவையே பாப்பாங்க. அவர் வாயைத் தொறந்துக்கிட்டு இருப்பார். பாவம்னு கை தட்டுவாங்க. என் அப்பாவுக்கு யாரும் பாவம்னு கை தட்டக் கூடாது."

அவள் சொன்னதில் தப்பில்லை. தோசைக் கடையில் அந்தப் பார்வையை நான் பார்த்தவன்.

சிடியைப் போட்டுப் பார்க்கட்டும் என்றேன். போட்டாள். பாட்டு கிளம்பியது. மச்சான் தாடையைத் தூக்கினார். அதற்குள் இரண்டு வரி போய்விட்டது. துரத்திப் பிடித்தார். மறுபடி போய்விட்டது. அவர் பாதி வழியில் நின்றார். சிடி கடைசிவரை ஓடி, தானாக நின்றது. அவர் பெட்டியைப் பார்த்த பார்வையை ரெஜினா பார்த்தாள்.

சிடியை எடுத்து உறைக்குள் போட்டாள்.

"நீங்களே வாசிங்க" என்றாள். "ஆனா அப்பா திணறினா உடனே முடிச்சிடணும். நான் கையைக் காட்டுவேன்."

நான் பேஸின் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தேன். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

காலையில் சர்ச்சில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மத்தியானம் டண்டினொங்கில் மண்டபம். சுற்றிலும் கிடங்குகள், தொழிற்சாலைகள், அவற்றின் நடுவில் ஆப்கான் ரொட்டிக் கடை, சேலைக் கடை. மண்டபச் சாவி ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம். மேடைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பெட்டி. பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு. சத்தம் கூடினால் சிவப்பு விழும். சிவப்பு விழுந்தால் கரண்ட் போகும். அக்கம்பக்கத்தில் புகார் வந்ததால் வைத்தார்களாம்.

மணி சோதித்துப் பார்க்க ஒரு அடி அடித்தான். ஒரே அடி. எல்லாம் அணைந்தது. குசினிக்குள் சோற்றுப் பானைச் சூடும் அணைந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் கத்தினாள்: "ஆரடா அது? சோறு ஆறப் போகுது!"

சாவிக்கார அம்மாள் மணியின் முன்னால் விரலை ஆட்டினார். மணி டிரம்மேல் துண்டுகளைப் போட்டு மூடினான். குச்சிக்குப் பதில் பிரஷ் எடுத்தான். நான் பேஸைத் தணித்தேன். ஆ செங் ஆர்கனைத் தணித்தான். கிள்ளானில் யாராவது இவ்வளவு மெதுவாக வாசிக்கச் சொன்னால் சண்டை போட்டிருப்போம்.

ஜனம் வந்தது. நாற்காலிகள் நிறைந்தன. பிள்ளைகள் ஓடின. பேச்சுச் சத்தம். சிவா அங்கிள் மைக்கில் எங்களை அறிவித்தார். மச்சானைத் தாங்கி மேடையில் உட்கார வைத்தோம். மைக்கை ஸ்டாண்டில் மாட்டி வாய்க்கு நேரே வைத்தேன். ரெஜினா முன்வரிசையில், கஜன் பக்கத்தில். கையை மடியில் தயாராக வைத்திருந்தாள்.

ஆரம்பித்தோம்.

தாடை ஏறியது. மணியின் பிரஷ் காற்றில் நின்றது. குரல் வந்தது, அடி விழுந்தது. முதல் வரிக்குப் பேச்சுச் சத்தம் பாதியானது. அவ்வளவு மெதுவாக வாசித்ததால் அவர் மூச்சு எடுப்பது மைக்கில் கேட்டது. இரண்டாவது வரிக்கு ஒரு தாய் ஓடுகிற பிள்ளையைப் பிடித்து மடியில் வைத்தாள். இங்கிலீஷ் தெரியாத கிழவிகள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த சத்தம்.

அந்த இடம் வந்தது. மச்சான் நிறுத்தினார்.

பேஸ்காரன் எண்ணாமல் இருக்க முடியாது. அந்தத் துண்டு ஒரு தடவை போய் வந்தால் ஒரு சுற்று. கிள்ளானில் எட்டாவது சுற்றுக்குள் ரோஸ் அக்காவைக் கூப்பிட்டுவிடுவார். எட்டு போனது. பத்து போனது. வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பின்வரிசையில் ஒருவர் கை தட்டினார். நல்ல மனசோடுதான் தட்டினார். இன்னும் சிலர் சேர்ந்தார்கள். ரெஜினா பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். கையைத் தூக்கி என்னிடம் காட்டினாள். முடியுங்கள்.

நான் தாடையைப் பார்த்தேன். மணியும் ஆ செங்கும் ஒரு தடவை என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை. அவர்களும் தாடைக்குத் திரும்பினார்கள்.

சிவா அங்கிள் இன்னொரு மைக்கோடு மேடையேறினார். "அங்கிளுக்கு எல்லாரும் ஒரு பெரிய கை..." என்று தொடங்கினார். என் இரண்டு கையும் வாசித்துக்கொண்டிருந்தன. உடம்பைத் திருப்பி பேஸின் கழுத்தை அவர் முன்னால் நீட்டினேன். ரயில்வே கேட் மாதிரி.

"அண்ணை, வழியை விடுங்கோ. அந்தாளால ஏலாமல் கிடக்கு."

"முடியும்."

"நேரம் போகுது அண்ணை. சாப்பாடு ஆறுது."

"ஆறட்டும்."

அவர் மறுபக்கம் சுற்றினார். நானும் சுற்றினேன். சுற்று விடவில்லை. முன்வரிசையில் கஜனின் அம்மா எழுந்தார்.

"சிவா, இறங்கி வா. அவர் பிள்ளையைக் கூப்பிடுறார். கூப்பிடட்டும்."

சத்தமாகச் சொல்லவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது. கைதட்டல் நின்றது. சிவா அங்கிள் இறங்கினார்.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. குசினிக்குள் இருந்தவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். மணியின் பிரஷ், ஆர்கன் மூச்சு, என் நாலு கம்பி. ரெஜினா தூக்கிய கையைக் கீழே போட்டாள். எழுந்தாள். சேலையைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு வந்து, அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எடுத்துக் கொடுக்கவும் இல்லை. எங்களைப் போல அவளும் காத்திருந்தாள்.

தாடை ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது. மணியின் நெற்றியிலிருந்து வேர்வை டிரம் துண்டில் விழுந்தது. என் இடது கை விரல் மரத்துவிட்டது. எண்ணினேன்.

தாடை ஏறியது. இந்தத் தடவை இறங்கவில்லை.

"ரெ..." என்றது குரல். பேச்சு இல்லை, பாட்டு. இழுத்தார். "ரெஜி... னா."

"இருக்கேம்பா" என்றாள்.

மறுபடியும் பாடினார். ரெஜினா. மறுபடியும். வழி தெரிந்துவிட்டது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் அடித்தோம். மணி பிரஷை எறிந்துவிட்டுக் கையால் அடித்தான். சிவப்பு விழுந்து கரண்ட் போனது. மச்சான் நிறுத்தவில்லை.

கேக் வெட்டினார்கள். சோறு ஆறியிருந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். ஆ செங் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"சூசை, எண்ணினியா?"

"எண்ணினேன்."

"எத்தன சுத்து?"

"நாப்பத்தி மூணு."